சுக்கான் பிடிப்பவருக்கு முதல் சோறு

1

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக் குசினி மேசையில், பதினோராவது கேள்வியில் போய் முட்டிக்கொண்டு நின்றேன்.

அவுஸ்திரேலியக் குடியுரிமைக்கான படிவம் அது. இந்த மாதத்தோடு நாங்கள் சிட்னிக்கு வந்து பத்து வருஷம். அதற்காக என் மனைவி பரமேஸ்வரி, எனக்கு அவள் பரமு, பாயசம் வைத்தாள். பாயசம் குடித்த சூட்டோடு, "இனி எங்கையப்பா போகப் போறம்? அந்தப் போமை நிரப்பிக் குடுங்கோவன்" என்றாள். பெயர், பிறந்த இடம், உயரம், கண்ணின் நிறம் எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டன. பதினொன்று: தந்தையின் பெயரும் தொழிலும்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரிப்பு வரும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்விக்கு நான் எழுத்தில் இரண்டு தரம் பொய் சொல்லியிருக்கிறேன். வாயால் எத்தனை தரம் என்று கணக்கே இல்லை.

எங்கள் ஊர் வல்வெட்டித்துறை. ரங்கூனுக்கும் நாகபட்டினத்துக்கும் கொச்சிக்கும் பாய் விரித்து ஓடிய கப்பல்களைக் கட்டியதும் ஓட்டியதும் எங்கள் ஆட்கள். அந்தக் கப்பலின் தலைவரைத் தண்டையல் என்போம். தண்டையல் தெருவால் வந்தால் மதகில் குந்தியிருப்பவர்கள் எழும்பி நிற்பார்கள். அதே கப்பலில் அத்தனை பேருக்கும் சமைத்துப் போடுகிறவர் பண்டாரி. பண்டாரி தெருவால் வந்தால், "என்ன பண்டாரியார், இண்டைக்கு வீட்டில ஆர் சமையல்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

என் ஐயா பண்டாரி. நான் எழுதியது தண்டையல் என்று.

இதில் எனக்கு அரசாங்கத்தைப் பற்றிய பயம் கொஞ்சம்தான். என் மகள் சுகந்தியைப் பற்றிய பயம்தான் பெரிது. பதினாறு வயது. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த எதிலும் பெரிய பற்றில்லாத பிள்ளை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இடியப்பத்தைக் கண்டால் மூக்கைச் சுளிப்பாள். ஆனால் தன் அப்பப்பா ஒரு பாய்க்கப்பலின் கப்டன் என்பதை மட்டும் பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லி வைத்திருந்தாள். அந்த ஒரு நூலில்தான் அவள் எங்கள் ஊரோடு தொங்கிக்கொண்டிருந்தாள். அந்த நூலும் நான் திரித்த பொய். அது அறுந்தால் பிள்ளை ஊரையும் விட்டுவிடுவாள், என்னையும் மதிக்க மாட்டாள் என்பதுதான் என் பயம்.

2

முதல் பொய் என் கலியாணக் காட்டில், அதுதான் அழைப்பிதழில், அச்சானது.

பெண் வீட்டார் சாவகச்சேரிப் பக்கம். தரகர் எங்களைக் "கப்பல்கார வீடு" என்று சொல்லி வைத்திருந்தார். அது பொய்யில்லை, உண்மையும் இல்லை. அச்சுக்கூடத்தில் காட்டுக்குக் கொடுக்கப் போனபோது அங்கே இருந்தவர், "தேப்பனுக்கு என்ன தொழில் போட?" என்று கேட்டார். நான் அப்போது கொழும்பில் வரைபடக்காரன். உடம்பில் வெள்ளைச் சேட்டு, கையில் மணிக்கூடு. பக்கத்தில் ஒன்றாய்ப் படித்த பெடியன் ஒருவன் நின்றான். அவனை ஒரு தரம் பார்த்தேன். "தண்டையல்" என்றேன். அவ்வளவுதான். ஒரு நொடி வேலை.

காட்டு வந்ததும் ஐயா அதை வெளிச்சத்துக்குப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"தண்டையல் எண்டு கிடக்கு."

"ஓம் ஐயா."

"எந்தக் கப்பல் எண்டும் போட்டிருக்கலாம், மோனை. ஆரும் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

கோபமே இல்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். காட்டை மடிக்காமல் அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐயாவின் கப்பலில் சாப்பாட்டுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதல் சோறு சுக்கான் பிடிப்பவருக்கு. அவர் கையை எடுக்க முடியாது, எழும்பி வரவும் முடியாது. அவர் பசியில் கண் அயர்ந்தால் எல்லோருக்கும் ஆபத்து. ஆகவே அவர் யாராக இருந்தாலும், நேற்றுச் சேர்ந்தவனாக இருந்தாலும், அவருக்குத்தான் முதலில். பிறகு பாய்க்கயிறு பிடிப்பவர்கள். பிறகுதான் தண்டையல். கடைசியில், எல்லோரும் கை கழுவின பிறகு, அடுப்படியில் குந்தியிருந்து பண்டாரி. வீட்டிலும் ஐயா அப்படியேதான். அம்மாவும் நாங்களும் சாப்பிட்டு முடியும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

அப்பேர்ப்பட்ட மனிதரைக் கலியாணத்தன்று சம்பந்தி வீட்டார் கையைப் பிடித்துக் கொண்டுபோய் முதல் பந்தியில், முதல் இலையில் இருத்திவிட்டார்கள். தண்டையல் அல்லவா! பட்டுச் சால்வையோடு ஐயா இலைக்கு முன்னால் இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய் வைக்கவில்லை. கண் முழுக்கச் சமையல் கொட்டில் பக்கம்.

எல்லாப் பந்தியும் முடிந்தபின் அவரைத் தேடிக்கொண்டு போனேன். கொட்டிலுக்குப் பின்னால், கூலிக்கு வந்த சமையல்காரரோடு விறகுக் கட்டையில் இருந்து, மடியில் இலையை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழம்பில் புளி கூடிப்போனதைப் பற்றி ஏதோ பகிடி சொல்லிச் சிரித்தார். அன்று முழுவதும் அவர் முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்ன ஐயா இது? ஆக்கள் பாக்கினம்" என்று சீறினேன். ஐயா பாதிச் சோற்றில் எழும்பிக் கையைக் கழுவினார்.

அந்தப் பாதி இலை இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது. சுகந்திக்கு இரண்டு வயதாக இருக்கும்போது ஐயா போய்விட்டார். மன்னிப்புக் கேட்க நான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

இரண்டாவது பொய்யை முதல் பொய்தான் எழுத வைத்தது. இங்கே வருவதற்குக் கொழும்பில் விண்ணப்பித்தபோது, கலியாணம் செய்ததற்கு அத்தாட்சியாகப் பதிவுப் பத்திரத்தோடு அந்தக் காட்டையும் மொழிபெயர்த்து வைக்கச் சொன்னார்கள். தட்டச்சு செய்து கொடுத்தவர் புத்திசாலி. "தம்பி, காட்டில ஒண்டு, போமில ஒண்டு எண்டு இருந்தால் அவங்கள் நூறு கேள்வி கேப்பாங்கள்" என்றார். ஆகவே படிவத்திலும் ஐயா கப்பல் தலைவரானார். செத்து நாலு வருஷத்துக்குப் பிறகு, அதுவும் ஆங்கிலத்தில்.

3

இங்கே நாங்கள் ஹோம்புஷில், ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும் மாடிவீடு ஒன்றில் இருக்கிறோம். காலையில் ஏழேகால் ரயில். எட்டரைக்கு அலுவலகத்தில் குடிநீர்க் குழாய்களின் வரைபடம். ஐந்தரைக்கு வீடு. வந்த புதிதில் வேலை முடிந்து எழும்பும்போது எங்கள் வழக்கப்படி "போட்டு வாறன்" என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி, "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவேன். பக்கத்து மேசைக் கீத் இரண்டு நாள் எனக்காக விளக்கை அணைக்காமல் காத்திருந்தானாம். மூன்றாம் நாள் கேட்டேவிட்டான். அப்படித்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது.

கீத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான். இளவயதில் கடற்படையில் இருந்தவன். மனைவி இல்லை. ஜெனி என்று பதினேழு வயதில் ஒரு மகள், பிறகு முப்பத்துநாலு அடியில் ஒரு பாய்ப்படகு. இந்த இரண்டையும் தவிர வேறு கதை கிடையாது. என் ஊரைப் பற்றி ஒருநாள் கேட்டான். நான் கப்பல்களைப் பற்றிச் சொன்னேன். "அப்ப உன்ரை தகப்பன்?" என்றான். (கீத் பேசிய ஆங்கிலத்தை எங்கள் தமிழில்தான் தருகிறேன். அவன் மேல் குற்றம் இல்லை.) நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவன் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

ஜெனியும் சுகந்தியும் ஒரே பள்ளிக்கூடமாகிப் போனார்கள். சுகந்தி அங்கே 'சூ'. ஜெனி அவளுக்குக் கடல் அலையில் பலகை ஓட்டப் பழக்கிவிட்டாள். சனி, ஞாயிறு என்றால் என் பிள்ளை ஆளுயரப் பலகையோடு கடற்கரையில். பரமு தலையில் கை வைத்தாள். "வெய்யிலில கறுத்துக் கரிக்கட்டையாய்ப் போறாள். ஆர் கட்டுவான்?" எனக்குக் கண்ணில் பட்டது வேறு. பலகையில் எழும்பி நிற்கும்போது அவள் முழங்காலை மடித்துப் பாதத்தைப் பரப்பும் விதம், ஆடும் கப்பலில் ஐயா அடுப்புக்கு முன்னால் நிற்கும் விதம்தான். அதை யாரிடம் சொல்வது?

இந்தத் தை மாத விடுமுறையில் லோர்ட் ஹோ தீவுக்குப் பாய்ப்படகில் போகக் கீத் ஏற்பாடு செய்தான். சிட்னியிலிருந்து கிழக்கே பசிபிக்கில் நாலு நாள் ஓட்டம். சில வருஷம் முன்புவரை கடலில் இறங்கும் விமானம் ஒன்றுதான் அங்கே ஆட்களைக் கொண்டுபோனதாம். பவளப் பாறை, இரண்டு மலை, நல்ல அலை. சுகந்தியையும் கூட்டிப்போக ஜெனிக்கு ஆசை. புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது, கூட வர இருந்த கீத்தின் நண்பன் கால் முறிந்து படுத்துவிட்டான். கீத் நேரே என் மேசைக்கு வந்தான்.

"நீ வா. தண்டையலின்ரை மகன் இருக்க நான் வேற ஆளைத் தேடுறதோ?"

நான் முழி பிதுங்கி நின்றேன். எனக்குச் சுக்கான் தெரியாது, பாய் தெரியாது, எந்தக் கயிறு எதை இழுக்கும் என்று தெரியாது. பதினொரு வயதில் ஒரே ஒரு முறை ஐயாவோடு நாகபட்டினம் போய் வந்தேன். போகவும் வரவும் அடுப்படியில்தான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் பயணம் நின்றுபோகும். ஏன் நின்றது என்று சுகந்தி கேட்பாள். வீட்டுக்கு வந்தபோது, ஜெனி சொல்லக் கேட்டு அவள் ஏற்கெனவே பெட்டி அடுக்கிவிட்டாள். "அப்பா, இட்ஸ் இன் யுவர் பிளட்!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து ஒரு வருஷம் இருக்கும்.

பரமுவுக்கு விஷயம் தெரியும். கலியாணம் முடிந்த மறுமாதமே ஊர்ச் சனம் சொல்லிவிட்டது. அவள் அரிசி, யாழ்ப்பாணத்துத் தூள், கருவாடு, தேங்காய் எல்லாம் கட்டித் தந்தாள். வாசலில் மெதுவாகச் சொன்னாள்: "தண்டையலார், பிள்ளையைப் பத்திரமாய்த் திருப்பிக் கொண்டந்து சேருங்கோ." பகிடிதான். ஆனால் கண் சிரிக்கவில்லை.

4

தெற்குக் காற்றுக்காகக் கீத் மூன்று நாள் காத்திருந்தான். காற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு மனிதனைக் கண்டு எனக்கு எத்தனை காலம்! எங்கள் ஊரில் சோழகக் காற்று எழும்பிவிட்டதா, வாடைக் காற்று விழுந்துவிட்டதா என்று காலையில் கதவைத் திறந்ததும் பார்ப்போம். இங்கே காற்று என்றால் குடை திரும்பும், தொப்பி பறக்கும். வேறு சோலி இல்லை.

துறைமுக வாயைத் தாண்டியதும் கீத் சுக்கான் தடியை என்னிடம் தந்து, "பிடி, மேட்" என்றான். சுகந்தி புகைப்படப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தாள். நான் ஐயாவையும் அம்மனையும் நினைத்துக்கொண்டு பிடித்தேன். இரண்டு நிமிஷம் எல்லாம் ஒழுங்காகப் போனது. மூன்றாம் நிமிஷம் படகு தன் பாட்டில் தலையைத் திருப்பியது. பாய் படபடவென்று அடித்தது, படகு ஒரு பக்கம் சரிந்தது. ஜெனி பாய்ந்து வந்து தடியைப் பறித்தாள். கீத் ஏசவில்லை. "புதுப் படகு. பழக நாள் எடுக்கும்" என்றான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பதிலுக்குப் பதில் காலைச் சாப்பாடுதான் வந்தது. அன்று முழுவதும் படகின் ஓரக் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தேன்.

"கப்டன்மாருக்கும் சத்தி வருமோ?" என்று ஜெனி கேட்க, சுகந்தி எனக்காக வக்காலத்து வாங்கினாள். தன் அப்பா பல வருஷம் கடலில் போகவில்லையாம். அதுதானாம். எனக்குச் சத்தியெடுத்ததை விட அந்த வக்காலத்துத்தான் கூடக் கசந்தது.

இரண்டாம் நாள் எழும்பி நிற்க முடிந்தது. கீத்தும் ஜெனியும் மாறி மாறிச் சுக்கான் பிடித்துக் கண் சிவந்து போயிருந்தார்கள். பீன்ஸ் டின்னைத் திறந்து குளிராகவே கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கீழே இறங்கினேன். சின்ன மண்ணெண்ணெய் அடுப்பு, கதவகலத்தில் ஒரு குசினி. அரிசியை இரண்டு தரம் கடல் தண்ணீரில் கழுவினேன். மூன்றாம் தரம் ஒரே ஒரு குவளை நல்ல தண்ணீர். உப்புப் போடத் தேவையில்லை. முதுகைப் பலகையில் ஊன்றி, ஒரு காலை எதிர்ச் சுவரில் முட்டுக்கொடுத்தேன். ஈரத் துணியை முறுக்கிச் சும்மாடு கட்டி, இறக்கிய பானையை அதன்மேல் இருத்தினேன். படகு ஆடியது, பானை அசையவில்லை. கருவாட்டுக் குழம்பு கொதித்து மணம் எழும்பியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன். இவை ஒன்றையும் எனக்கு யாரும் பழக்கவில்லை. பதினொரு வயதில் அடுப்படியில் இருந்து பார்த்ததெல்லாம் கைக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது.

முதல் கோப்பைச் சோற்றை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். கீத் முன்பக்கம் ஏதோ கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றான். ஜெனி சுருண்டு படுத்திருந்தாள். சுக்கானில் சுகந்தி! ஜெனியிடம் ஒரு நாளில் பழகிவிட்டாள். கால் இரண்டையும் பரப்பி ஊன்றி, கண்ணைத் திசைகாட்டியில் வைத்து, பாய் ஒரு சுருக்கமும் இல்லாமல் நிரம்பி நிற்கப் படகை ஓட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வருஷம் கடலில் கிடந்தும் ஐயாவின் கையில் ஒரு தரமும் யாரும் தராத சுக்கான். அவருடைய பேத்தியின் கையில்.

கோப்பையை அவளிடம் நீட்டினேன். ஒரு கையால் தடி, மறு கையால் சோறு.

"வை மீ ஃபெர்ஸ்ற்? கீத்துக்கு அல்லோ குடுக்க வேணும், அப்பா? ஹீ இஸ் த ஸ்கிப்பர்."

"சாப்பிடு பிள்ளை. ஆறிப் போகும்" என்றேன்.

அடுத்தது ஜெனிக்கு. பிறகு கீத்துக்கு. கடைசியில் நான் அடுப்படியில் குந்தி, பானையில் ஒட்டியதை வழித்துச் சாப்பிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை தன் பாட்டில் செய்தது. மூன்றாம் நாளும் நாலாம் நாளும் அதே ஒழுங்கு. கீத் ஒவ்வொரு முறையும் கோப்பையை வாங்கும்போது என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

5

தீவைக் கண்டதும் நாலு பேரும் பேய் பிடித்தவர்கள் மாதிரிக் கத்தினோம். ஒரு முனையில் இரண்டு கரிய மலைகள், நெற்றியில் முகில். பவளப் பாறைக்கு நடுவே உள்ள இடுக்கு வழியாகத் தீவுக்காரர் ஒருவர் சின்னப் படகில் வந்து எங்களை உள்ளே கூட்டிப்போனார். உள்ளே நீர் கண்ணாடி. கரையெல்லாம் ஒரு சாதிச் சின்னப் பனை மாதிரி மரம். பனையில்லை என்று தெரிந்தும் ஒன்றில் கையை வைத்துப் பார்த்தேன். அங்கே மொத்தம் சில நூறு சனம். எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள், ஒருவரை ஒருவர் கண்டால் இறங்கி நின்று கதைக்கிறார்கள். எனக்கு ஊர்ச் சந்தி நினைவு வந்தது.

கிழக்குப் பக்கக் கடற்கரையில் பெண்கள் இருவரும் பலகையோடு இறங்கினார்கள். அலை என்றால் அலை! வீட்டுக் கூரை உயரம். சுகந்தி விழுந்தாள், காணாமல் போனாள், எங்கேயோ எழும்பினாள், திரும்பவும் நீந்தினாள். ஏழாவதோ எட்டாவதோ தடவை எழும்பி நின்றாள். முழங்கால் மடிந்து, பாதம் பரந்து, கரைவரை வந்தாள். நான் மணலில் நின்று கையைத் தட்டினேன்.

பக்கத்தில் இருந்த கீத் கடலைப் பார்த்தபடியே சொன்னான்: "உன்ரை தகப்பன் கப்டன் இல்லை, என்ன?"

தட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"பயப்பிடாதை. நீ தடியைப் பிடிச்ச விதத்திலேயே உனக்கு ஒண்டும் தெரியாதெண்டு விளங்கிட்டுது. படகோட்ட எனக்கு ஜெனி ஒருத்தி காணும். ஆனால் நீ அடுப்பில நிண்டாய் பார், அப்பதான் மற்றது விளங்கினது. கடற்படையில எத்தினையோ சமையல்காரரின்ரை கையால சாப்பிட்டிருக்கிறன். சுக்கான்காரனுக்கு முதல்ல கொண்டுபோய்க் குடுக்கிற ஆள் லேசில அகப்படாது. உனக்கு அதை ஆரோ நல்லாய்ப் பழக்கியிருக்கினம்."

"அவர் பண்டாரி" என்றேன். பதினெட்டு வருஷத்தில் வாயால் முதல் தடவை. அதுவும் ஒரு வெள்ளைக்காரனிடம்.

"உன்ரை மகளுக்குச் சொன்னியோ?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அன்று பின்னேரம் தீவுக்காரர் பெரிய மீன் ஒன்று தந்தார்கள். மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, பானை நிறையக் குழம்பு வைத்தேன். அயலில் உள்ளவர்களெல்லாம் கோப்பையோடு வந்துவிட்டார்கள். மூக்கால் வழிய, கண்ணால் வழியச் சாப்பிட்டார்கள். ஒரு கிழவர், "இதை எங்கே பழகினாய்?" என்று கேட்டார். அருமையான இடம். எல்லோரும் நல்ல மனநிலையில். கீத் என்னைப் பார்க்கிறான். ஒரு சொல் சொன்னால் போதும். அதற்குள் சுகந்தி முந்திவிட்டாள். தன் அப்பப்பா பெரிய பாய்க்கப்பலின் கப்டன் என்றும், ரங்கூன்வரை ஓடியவர் என்றும், தன் அப்பா அவரோடு போனவர் என்றும் ஒரே மூச்சில் அளந்தாள். அவள் முகத்தில் அடுப்பு வெளிச்சம். அத்தனை பெருமை. கிழவர் என் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றினார்.

நானும் தலையைக் குனிந்து அந்த மரியாதையை வாங்கிக்கொண்டேன். ஐயாவின் பாதி இலையை இரண்டாம் தரம் பறித்த மாதிரி இருந்தது. கோழைப் பயல் என்று என்னை நானே ஏசிக்கொண்டு பானையைக் கழுவப் போனேன்.

திரும்பி வந்த நாலு நாளும் சமைத்தேன், சுக்கானுக்கு முதல் சோறு கொடுத்தேன், கடைசியாகச் சாப்பிட்டேன், வாயைத் திறக்கவில்லை. கீத்தும் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

6

ஆகவே போன சனிக்கிழமை, பதினோராவது கேள்வி. நான் அதில் நின்று பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சுகந்தி படிவத்தைப் பறித்தாள். "கிவ் இற் ரு மீ. உங்கட கையெழுத்தை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்." பின்னேரம் அவளைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தேன். அந்த அவசரம் அவளுக்கு. நான் ஏதும் சொல்லுமுன் ஐயாவின் பெயரையும், அதற்குப் பக்கத்தில் கப்பல் தலைவர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் மளமளவென்று மையால் எழுதிவிட்டாள். பத்து வருஷத்துக்கு முந்திய படிவத்தின் பிரதி மேசையிலேயே கிடந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதினாள். என் பொய்யை என் பிள்ளை அழகான எழுத்தில் பிரதி பண்ணினாள்.

அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"அது பிழை, பிள்ளை" என்றேன்.

"என்ன பிழை? ஸ்பெல்லிங்கோ?"

"அப்பப்பா தண்டையல் இல்லை. பண்டாரி."

"வட்ஸ் தற்?"

"கப்பலில சமையல்காரர். கடைசிவரைக்கும் சமையல்காரர். நான் வெக்கத்தில மாத்திச் சொன்னனான். எங்கட கலியாணக் காட்டில, இந்தப் போமில, கீத்திட்ட, உன்னட்ட. எல்லா இடமும் பொய்."

பரமு அகப்பையோடு அப்படியே நின்றாள். ரயில் ஒன்று போனது. யன்னல் அதிர்ந்து ஓய்ந்தது. சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீவில அந்த அங்கிள் தொப்பியைக் கழற்றினவர்" என்றாள். தமிழில். குரல் உடைந்திருந்தது. "அப்ப ஏன் சொல்லேல்லை? ஐ லுக்ட் லைக் எ லையர், அப்பா."

"நீ பொய்காரி இல்லை. நான்தான்."

கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பித் தன் அறைக்குப் போனாள். கதவை அடித்துச் சாத்தினாள். நூல் அறுந்துவிட்டது, இனி முடிந்தது கதை என்று நான் கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். பரமு பக்கத்தில் வந்து என் தோளில் கையை வைத்தாள். "இப்பவாவது சொன்னியளே" என்றாள். பதினெட்டு வருஷத்தில் இதைப் பற்றி அவள் பகிடி இல்லாமல் பேசியது அன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. கையில் அடிமட்டத்தோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள விதிகளை விரலால் தொட்டு வாசித்தாள். அழிக்கக் கூடாது. வெள்ளை பூசக் கூடாது. கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, விண்ணப்பதாரர் கையெழுத்து வைக்க வேண்டும். அடிமட்டத்தை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் எழுதினாள்: பாய்க்கப்பல், சமையல்காரர். பேனாவை என்னிடம் தந்தாள்.

"சைன் பண்ணுங்கோ."

வைத்தேன். அவள் மை காயும்வரை ஊதினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அதுதானோ எனக்கு முதல்ல சாப்பாடு தந்தனீங்கள்? சுக்கான் பிடிச்சதாலயோ?"

"ஓம். அப்பப்பாவின்ரை ஒழுங்கு."

"அப்ப அப்பப்பா எப்ப சாப்பிடுவார்?"

"கடைசியா. எல்லாரும் சாப்பிட்ட பிறகு, அடுப்படியில இருந்து."

கலியாணத்தன்று நடந்ததையும் சொன்னேன். முதல் பந்தியை, விறகுக் கட்டையை, பாதி இலையை. சொல்லி முடிக்கும்போது நான் வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். அவள் எழும்பிப் போய்ப் பரமுவின் கையிலிருந்து அகப்பையை வாங்கினாள். சோற்றுப் பானைக்கு முன்னால் நின்று ஒரு கோப்பையில் சோறு போட்டாள். குழம்பு விட்டாள். கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள்.

"எனக்கேன் முதல்ல? அம்மாவுக்குக் குடு."

"பீச்சுக்குக் கார் ஓட்டப் போறது நீங்கள்தானே" என்றாள்.

அடுத்தது பரமுவுக்கு. தனக்கு ஒன்றும் போடாமல் அடுப்படியில் சாய்ந்து, காலைப் பரப்பி நின்றுகொண்டு எங்களைப் பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஒரு வாய் வைக்க முடியவில்லை. கண் முழுக்க அடுப்படிப் பக்கம். ஐயாவுக்கு அன்று முதல் இலையில் எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவளும் பானையில் மிஞ்சியதைப் போட்டுக்கொண்டாள். தோளோடு தோள் முட்ட நின்று சாப்பிட்டோம். பரமு மேசையில் தனியே இருந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பண்டாரியளுக்கும் இந்த வீட்டில கதிரை இல்லையோ?" என்றாள்.

"சாப்பிடுங்கோ அம்மா, ஆறிப் போகும்" என்றாள் சுகந்தி.